பிற விலங்குகளைப் பார்த்துக் கற்கும் திறன்: கூட்டத்தால் வருவதா, வாழும் சூழலால் வருவதா?

கேள்வி: மேலூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மேலூர் வட்டாரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பிக்கிறேன். விலங்குகளின் நடத்தையைப் பற்றி வகுப்பில் பேசியபோது மாணவர்கள் எழுப்பிய ஒரு கேள்விக்கு அரைகுறையாக விடை சொல்ல விரும்பாததால், விவரம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன்.

அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்ச்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் ஏறிச் செல்லும் பாதையில் திரியும் நாட்டுக் குரங்குகளை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பார்க்காமல் வளர்வதில்லை. எந்தப் பையில் பழம் இருக்கும், யாரிடம் நெருங்கலாம், யாரிடம் நெருங்கக் கூடாது என்பதெல்லாம் அந்தக் குரங்குகளுக்குத் தெரிந்திருக்கிறது. பெரிய குரங்கு ஒன்று பையின் முடிச்சை அவிழ்க்கும்போது குட்டிகள் முகத்தோடு முகம் வைத்துக் கவனிப்பதையும் எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதே வட்டாரத்தில், அரிட்டாபட்டிக் குன்றுகளில் தேவாங்கு இருக்கிறது; அது இரவில் பெரும்பாலும் தனியாகவே பூச்சிகளைத் தேடித் தின்கிறது. கூட்டமாக வாழும் விலங்குகள் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்கும், தனித்து வாழ்பவை தாமே முயன்று கற்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதைத்தான் நானும் வகுப்பில் சொன்னேன்.

அதற்கு ஒரு மாணவி, காக்கையும் கூட்டம்தான், வெள்ளாடும் கூட்டம்தான், குளத்து மீனும் கூட்டம்தான், அப்படியானால் இவை அனைத்தும் ஒரே அளவுக்குப் பார்த்துக் கற்க வேண்டுமே என்று கேட்டாள். கூட்டம் ஒன்றே காரணம் என்றால் அவள் கேட்பது நியாயம். உணவு எங்கே, எப்படிப் பரவிக் கிடக்கிறது, பகை எவ்வளவு, தானே முயன்று பார்ப்பதில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பன போன்ற சூழல் காரணங்கள் இந்தத் திறனை வடிவமைக்கின்றனவா? ஒரே இனத்தையோ நெருங்கிய இனங்களையோ வெவ்வேறு சூழலில் ஒப்பிட்ட ஆய்வுகள் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். இந்தத் திறன் பிறவியிலேயே அமைவதா, வளரும் இடத்தால் அமைவதா என்பதையும் தொட்டுச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


பதில்: திருநகர் வாசகர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவியின் கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு ஒன்று மீன்களைப் பற்றியதுதான், ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐரோப்பாவின் ஓடைகளில் ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறு மீன்கள் வாழ்கின்றன. முதுகில் மூன்று முள் கொண்ட இனமும் ஒன்பது முள் கொண்ட இனமும் பல இடங்களில் ஒரே ஓடையில், ஏறக்குறைய ஒரே உணவை உண்டு, கூட்டமாகத் திரிகின்றன. 2003இல் இசபெல் கூலன், கெவின் லாலண்ட் ஆகியோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இவ்விரு இனங்களையும் ஒரு தொட்டியில் சோதித்தார்கள். தொட்டியின் ஒரு முனையில் இரை தாராளமாகவும் மறுமுனையில் அரிதாகவும் கொடுக்கப்பட்டது. இரண்டு முனைகளிலும் சில மீன்கள் உண்டுகொண்டிருந்ததை, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த மீன் பார்த்துக்கொண்டிருந்தது. இரை அதன் கண்ணுக்குத் தெரியாது. மற்ற மீன்கள் எத்தனை முறை பாய்ந்து கொத்துகின்றன என்பது மட்டுமே தெரியும். பிறகு உண்ட மீன்களையும் மிஞ்சிய இரையையும் அகற்றிவிட்டு, பார்த்த மீனைத் திறந்துவிட்டால், ஒன்பது முள் மீன் தாராளமாக இரை கிடைத்த முனைக்குச் சென்றது. மூன்று முள் மீனோ எந்த முனை நல்லது என்பதை அறிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மற்ற மீன்கள் இருந்த இடத்தை நாடிச் செல்லுவதில் இரண்டு இனமும் ஒன்றுதான்; அந்த மீன்களின் வேட்டை எவ்வளவு பலித்தது என்பதைக் கணித்து அதன்படி முடிவெடுப்பதில்தான் வேறுபாடு தோன்றியது.

இரண்டும் கூட்டத்தில் வாழ்பவை என்பதால் கூட்டத்தைக் கொண்டு இதை விளக்க முடியாது. ஆய்வாளர்கள் கொடுத்த விளக்கம் உடலமைப்பையும் பகையையும் பற்றியது. மூன்று முள் மீனுக்கு முட்கள் நீளமானவை, உடலில் எலும்புத் தகடுகளும் உண்டு. பெரிய மீன் அதைக் கவ்வினாலும் விழுங்க முடியாமல் துப்பிவிடும் வாய்ப்பு அதிகம். ஆகவே அது திறந்த நீரில் தானே போய் இரையைச் சோதித்துப் பார்க்கலாம். ஒன்பது முள் மீனின் முட்கள் சிறியவை, கவசமும் குறைவு. அது நீர்ப்பாசிக்குள்ளும் செடிகளுக்குள்ளும் ஒதுங்கி நின்று, வெளியே மற்ற மீன்கள் உண்பதைக் கவனித்து, போவது பயனுள்ளதா என்று தெரிந்த பிறகு புறப்படுவது அதற்கு நல்லது. தானே சோதிப்பதற்கு விலை அதிகமாக இருக்கும் உயிருக்கே பிறரைக் கவனிக்கும் திறன் கூர்மையடைகிறது என்பது இதன் சாரம்.

இந்த மீன் எதைக் கண்டாலும் பின்பற்றுவதில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள், ஏனெனில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். 2004இல் வெளிவந்த தொடர் ஆய்வில், தான் நேரில் அறிந்த செய்தி அண்மையதாகவும் நம்பகமானதாகவும் இருந்தபோது ஒன்பது முள் மீன் பிறருடைய செய்தியைப் பொருட்படுத்தவில்லை. தன் அனுபவம் ஒரு வாரம் பழையதாகிவிட்டபோது பிறரைப் பார்த்து முடிவெடுத்தது. பின்னர் நடந்த மற்றோர் ஆய்வில், முட்டை தாங்கிய பெண் மீன்கள் பிறருடைய செய்தியை அதிகமாகப் பயன்படுத்தின. இனப்பெருக்கப் பருவத்து ஆண் மீன்கள் குறைவாகவே பயன்படுத்தின. ஒரே இனத்துக்குள், ஒரே மீனின் வாழ்நாளுக்குள்ளேயே கூட, ஆபத்துக்கும் தேவைக்கும் ஏற்ப இது ஏறி இறங்குகிறது.

ஒரே இனம் இரண்டு சூழலில் இருப்பதற்கு, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோசில் உள்ள செனைடா புறாக்கள் சான்று. தீவின் பெரும்பகுதியில் இந்தப் புறாக்கள் இணை இணையாக எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள் வேறு செனைடா புறாவை நுழையவிடாமல் துரத்துகின்றன. துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து தானியம் சிந்தும் இடத்தில் மட்டும் அதே இனம் கூட்டமாக இறங்கி மேய்கிறது. லூயி லெஃபெவ்ரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் இவற்றை ஒப்பிட்டார்கள். துறைமுகப் புறாக்கள் தம் இனத்துப் புறாவைப் பார்த்துக் கற்றன. எல்லை காக்கும் புறாக்களோ தம் இனத்தைப் பார்த்துக் கற்பதைவிட, அருகில் சேர்ந்து மேயும் கிராக்கிள் என்னும் கருநிறப் பறவையைப் பார்த்து எளிதாகக் கற்றன. அந்தப் புறாவின் அன்றாட வாழ்வில் தன் இனத்துப் புறா என்றால் துரத்த வேண்டிய போட்டியாளர். உணவு இருக்கும் இடத்தை அறிவிப்பது கிராக்கிள். யாரிடமிருந்து கற்பது என்பதைக்கூட உணவு பரவியிருக்கும் விதம் தீர்மானிக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கோட்பாட்டளவில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ராபர்ட் பாய்ட், பீட்டர் ரிச்சர்சன் ஆகிய இருவரும் 1980களில் கணித மாதிரிகளின் வழியாகக் காட்டியபடி, சூழல் தலைமுறை தலைமுறையாக மாறாமல் இருந்தால் பிறவி நடத்தையே போதும். நாளுக்கு நாள் மாறினால் முந்தியவர் கற்றது பிந்தியவருக்குப் பயன்படாது, தானே கற்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில் மாறும் சூழலில்தான் பிறரிடம் கற்பதற்கு மதிப்பு மிகுதி.


பதில்: சோழவந்தான் விவசாயி

அம்மா, நான் படித்து அறிந்ததைவிட வயலில் பார்த்து அறிந்ததுதான் அதிகம், எனினும் எலியைப் பற்றி இந்தக் கேள்வியில் பேசாமல் விடக் கூடாது.

எங்கள் நெல் வயல்களில் சிங்க் பாஸ்பைடு போன்ற உடனே தாக்கும் மருந்தை வைப்பதானால், முதலில் சில நாட்கள் மருந்து கலக்காத பொரியையோ அரிசிக் குருணையையோ வைத்துப் பழக்க வேண்டும் என்று வேளாண்மைத் துறையினர் சொல்வார்கள். புதிய உணவை எலி சந்தேகப்பட்டுச் சிறிதளவே கடித்துப் பார்க்கும். கடித்துத் துன்பப்பட்டுப் பிழைத்த எலி அந்த உணவைத் திரும்பத் தொடாது. பழக்கப்பட்ட உணவானால் வயிறு நிறையத் தின்னும். புரோமடியோலோன் போல மெதுவாக, சில நாட்கள் கழித்துத் தாக்கும் மருந்துக்கு இந்த முன்பழக்கம் தேவைப்படுவதில்லை, ஏனெனில் தின்றதையும் துன்பத்தையும் எலி தொடர்புபடுத்துவதில்லை.

பிழைத்த எலி மற்ற எலிகளை எச்சரித்துவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோரும் நம்பும் செய்தி. வேளாண் கல்லூரியில் படித்த என் மகள் சொன்ன பிறகே இதில் நடப்பது வேறு என்று தெரிந்துகொண்டேன். பென்னட் கேலஃப் என்னும் ஆய்வாளர் பழுப்பு எலிகளை வைத்துப் பல ஆண்டுகள் செய்த சோதனைகளில், உண்டு வந்த எலியின் மூச்சில் வீசும் உணவின் மணத்தை மோந்த மற்ற எலி, பிறகு அதே உணவையே விரும்பித் தின்றது. உண்டு வந்த எலி நோயுற்றுக் கிடந்தபோதும் மோந்த எலி அந்த உணவை வெறுக்கவில்லை. அப்போதும் விருப்பமே கூடியது. ஆக, எலி எலியிடம் கற்பது எதைத் தின்னலாம் என்பதைத்தான், எதைத் தின்னக் கூடாது என்பதை அல்ல. மருந்து வைத்த உணவைக் குட்டிகள் தொடாமல் இருப்பதற்குக் காரணம், பெரிய எலிகள் உண்ணும் இடத்துக்கே சென்று, அவை உண்ணும் உணவையே தின்று குட்டிகள் வளர்வதுதான். எங்கள் வரப்பில் இருப்பது வேறு எலி இனம் என்பதால் அச்சு அசலாக இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் நாங்கள் காண்பதோடு இது ஒத்துப்போகிறது.

சூழல் என்று நீங்கள் கேட்டதற்கு இதைவிடப் பொருத்தமான எலிக் கதை இஸ்ரேலில் இருக்கிறது. அங்கே நட்டு வளர்த்த பைன் தோப்புகளில், நம் வீட்டு எலியின் இனமான கறுப்பு எலிகள் பைன் காய்களின் செதில்களை அடியிலிருந்து சுற்றிச் சுற்றி உரித்து உள்ளிருக்கும் விதையைத் தின்று வாழ்கின்றன. வேறு உணவு அங்கே அநேகமாக இல்லை. பைன் விதைக்குப் போட்டியிடும் அணில் இனமும் அங்கு இல்லை. ரான் ஐஸ்னர், ஜோசஃப் டெர்கல் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேறிடத்திலிருந்து கொண்டுவந்த பெரிய எலிகளால் அந்த முறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. உரிக்கத் தெரியாத தாய்க்குப் பிறந்த குட்டிகளை உரிக்கத் தெரிந்த தாயிடம் வளர விட்டபோது குட்டிகள் கற்றுக்கொண்டன. பாதி உரித்த காயைக் கொடுத்தபோதும் பல எலிகள் மீதியை அந்த ஒழுங்கிலேயே உரிக்கக் கற்றன. உங்கள் கடைசிக் கேள்விக்கு, அதாவது பிறவியா வளர்ப்பா என்பதற்கு, இந்த எலிகளின் விடை வளர்ப்பு என்பதே.

வெள்ளாட்டைப் பற்றி மாணவி கேட்டதால் ஒரு வார்த்தை. ஆடு மேய்க்கும் எவரும் அறிந்தது, குட்டி தன் தாய் கடிக்கும் தழையையே முதலில் கடிக்கும் என்பது. செம்மறிக் குட்டிகள் எந்தத் தழை உண்ணத் தக்கது என்பதைத் தாயிடமிருந்து கற்கின்றன என்று ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆட்டுக்கு வேண்டியது தழை அறிவு. அதை அது பார்த்துக் கற்கிறது. முடிச்சு அவிழ்ப்பது அதற்கு வேண்டியதில்லை.


பதில்: நாகமலைப் புதுக்கோட்டை ஆய்வு மாணவர்

இந்த உரையாடலில் வௌவால்களைச் சேர்க்க விரும்புகிறேன். நம் மதுரையே வௌவால் ஆய்வில் உலகம் அறிந்த இடம் என்பதைப் பள்ளி மாணவர்கள் பலர் அறியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் உயிரியல் கடிகாரம் குறித்த ஆய்வை வளர்த்தெடுத்தார். அவரும் ஜி. மாரிமுத்துவும் மற்றொருவரும் சேர்ந்து 1981இல் வெளியிட்ட ஆய்வு, ஹிப்போசிடெராஸ் ஸ்பியோரிஸ் என்னும் பூச்சியுண்ணும் வௌவாலைப் பற்றியது. பகலும் இரவும் ஒரே இருளாக இருக்கும் இயற்கைக் குகையில் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். அதே குகையில் சுதந்திரமாக வாழ்ந்த மற்ற வௌவால்கள் மாலையில் வெளியேறி விடியலில் திரும்பிக்கொண்டிருந்தன. சூரியனையே காணாத கூண்டு வௌவாலின் பறக்கும் நேரம் அந்தக் கூட்டத்தின் நேரத்தோடு பொருந்தி நின்றது. கூட்டம் இல்லாத குகையில் தனியாக வைக்கப்பட்ட வௌவாலின் நேரமோ வெளியுலக நாளோடு பொருந்தாமல் மெல்ல விலகிச் சென்றது. இதைக் கற்றல் என்று சொல்வது சரியாகாது, உடற்கடிகாரம் ஒத்திசைவது என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் பிறரிடமிருந்து வரும் செய்தி ஓர் உயிருக்கு ஏன் மதிப்புடையதாகிறது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. குகையின் ஆழத்தில் இருப்பதற்கு வெளியே மாலை வந்ததை அறிய வேறு வழி இல்லை. அந்தச் சூழலில் அண்டை வௌவாலின் அசைவே கதிரவனுக்கு ஈடான செய்தி.

கற்றலுக்கே வருவோம். பனாமாவில் தவளை உண்ணும் வௌவால் இனம் ஒன்று, ஆண் தவளைகள் இணையை அழைக்கும் ஒலியைக் கேட்டே இரையைக் கண்டுபிடிக்கிறது. உண்ணத்தக்க தவளை எது, நஞ்சுள்ள தேரை எது என்பதை அந்த ஒலியால்தான் பிரிக்க வேண்டும். ரேச்சல் பேஜ், மைக்கேல் ரையான் ஆகியோர் 2006இல் வெளியிட்ட சோதனையில், நஞ்சுள்ள தேரையின் ஒலியை உணவோடு தொடர்புபடுத்தப் பழக்கப்பட்ட வௌவாலைக் கவனித்த மற்ற வௌவால்கள் சில முறைகளிலேயே அந்தத் தொடர்பைக் கற்றுக்கொண்டன. தனியே முயன்ற வௌவால்களில் பெரும்பாலானவை கற்கவே இல்லை. தவறாகக் கடித்தால் நஞ்சு, தயங்கினால் பட்டினி என்னும் நிலையில் வாழும் உயிருக்கு இந்த வேகம் எவ்வளவு இன்றியமையாதது என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கமாக, ஒரு திறன் தேவையற்றுப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் வௌவாலே சான்று. புதிய உணவைத் தின்று நோயுற்றால் அந்த உணவை வெறுக்கக் கற்பது பாலூட்டிகளில் மிகப் பரவலான திறன். இரத்தம் மட்டுமே குடிக்கும் வாம்பயர் வௌவாலிடம் இது இல்லை என்று ஜான் ராட்கிளிஃப், பிராக் ஃபென்டன், எலியைப் பற்றி மேலே குறிப்பிடப்பட்ட கேலஃப் ஆகியோர் 2003இல் காட்டினார்கள். பழமும் பூச்சியும் தின்னும் மற்ற வௌவால்களிடம் அது இருந்தது. வாழ்நாள் முழுவதும் ஒரே உணவு என்றால் உணவைத் தரம் பிரிக்கும் கற்றல் எதற்கு? இது பிறரிடம் கற்பது பற்றிய ஆய்வு அல்ல என்றாலும், கற்கும் திறன் என்பதே உணவுச் சூழலோடு சேர்ந்து கூடவும் குறையவும் செய்யும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு சான்றை நான் அறியவில்லை.


பதில்: நத்தம் தேனீ வளர்ப்பாளர்

சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். தேனீ தன் கூட்டில் ஆடும் ஆட்டம் மலர் இருக்கும் திசையையும் தொலைவையும் மற்ற தேனீக்களுக்குத் தெரிவிக்கிறது என்பது பாடப் புத்தகத்திலேயே உள்ளது. அந்தச் செய்தியால் உண்மையில் எவ்வளவு பயன் என்பதை அன்னா டோர்ன்ஹவுஸ், லார்ஸ் சிட்கா ஆகிய இருவரும் ஜெர்மனி, ஸ்பெயின், இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் சோதித்து 2004இல் எழுதினார்கள். தேனடையைக் கிடைமட்டமாக வைத்து, ஒளியின் திசை தெரியாதபடி செய்தால் தேனீக்கள் ஆடும், ஆனால் ஆட்டத்தில் திசை இருக்காது. ஐரோப்பிய இடங்களில் இப்படிக் குழப்பியும் தேன் வரவில் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை. நம் நாட்டுக் காட்டில் இழப்பு தெளிவாகத் தெரிந்தது.

காரணம் என்ன என்பது எங்களைப் போல இங்கே பெட்டி வைத்திருப்பவர்களுக்கு உடனே விளங்கும். பங்குனி, சித்திரையில் எங்கோ ஓர் ஓடைக்கரையில் புங்கமரம் ஒன்று முழுதாகப் பூத்து நிற்கும், சுற்றிலும் நெடுந்தூரத்துக்கு ஒன்றும் இருக்காது, சில நாட்களில் அதுவும் உதிர்ந்துவிடும். ஐரோப்பிய வெளிகளில் சிறு சிறு பூக்கள் எங்கும் பரவிக் கிடப்பதால் தேனீ தானே தேடினாலும் கிடைத்துவிடும். செய்தி கேட்கும் திறன் மூன்று இடத்துத் தேனீக்களுக்கும் ஒன்றுதான்; அதன் பயன்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. மதிப்பு மாறும் இடத்தில் காலப்போக்கில் திறனும் மாறும் என்று எதிர்பார்ப்பது இயல்பு.


மேலூர் ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தேனீ, எலி, வௌவால் மூன்றையும் இவ்வாரமே வகுப்பில் எடுத்துச் செல்லப் போகிறேன். ஆனால் எனக்குள் ஓர் ஐயம் எழுந்திருக்கிறது. சூழல் வடிவமைப்பது பிறரைப் பார்த்துக் கற்கும் தனித் திறனையா, பொதுவான கற்கும் திறனையா? துறைமுகப் புறா எதையுமே வேகமாகக் கற்கும் புறாவாக இருந்தால், பார்த்துக் கற்பதிலும் அது முந்தத்தானே செய்யும்? எங்கள் மலைக் குரங்குகளிடம் இதை மாணவர்களைக் கொண்டு கவனிக்க ஏதாவது வழி உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.


பதில்: விளாங்குடி, விலங்கு நடத்தை பயின்றவர்

ஆசிரியை அவர்களே, நீங்கள் இப்போது கேட்டிருப்பதுதான் இந்தத் துறையில் இன்றும் கருத்து வேறுபாடு நிலவும் இடம். மேலே சொல்லப்பட்ட ஆய்வுகள் அனைத்தும் சரியானவை. அவற்றிலிருந்து எவ்வளவு தூரம் முடிவுக்குப் போகலாம் என்பதில் நான் சற்று எச்சரிக்கையாக இருக்க விரும்புகிறேன்.

உங்கள் ஐயத்தை லெஃபெவ்ரின் குழுவினரே 1996இல் சோதித்தார்கள். கூட்டமாக வாழும் மாடப்புறா, எல்லை காக்கும் செனைடா புறாவைவிடப் பார்த்துக் கற்பதில் வேகமாக இருந்தது. ஆனால் தானே முயன்று கற்பதிலும் அதே அளவுக்கு முந்தியே இருந்தது. துறைமுகத்துச் செனைடா புறாக்களும் தனியாகக் கற்பதில் எல்லை காக்கும் புறாக்களை விஞ்சின. அப்படியானால் சிந்திய தானியத்துக்காக விரைந்து போட்டியிடும் வாழ்க்கை வளர்த்தது பொதுவான கற்கும் வேகத்தை என்றும் சொல்லலாம். பிரிட்டனின் சிசிலியா ஹேயஸ் நெடுங்காலமாக வலியுறுத்துவது இதையே: பார்த்துக் கற்பதற்கென்று மூளையில் தனி வழிமுறை இருக்கத் தேவையில்லை, ஒன்றையும் மற்றொன்றையும் தொடர்புபடுத்தும் அதே கற்றல்தான் எங்கும் நடக்கிறது, எதைக் கவனிக்கிறோம் என்பது மட்டும் உயிருக்கு உயிர் மாறுகிறது. இதற்கு ஆதரவாக ஓர் ஆமையைச் சொல்வார்கள். தென் அமெரிக்கச் செங்கால் ஆமை தனித்து வாழ்வது, தாய் குட்டியைப் பேணுவதும் அதனிடம் இல்லை. அன்னா வில்கின்சன், லுட்விக் ஹூபர் உள்ளிட்டோர் 2010இல் வெளியிட்ட சோதனையில், வேலியைச் சுற்றிச் சென்று உணவை அடையும் ஆமையைப் பார்த்த ஆமைகள் தாமும் அவ்வாறு சென்றன. பார்க்காத ஆமைகளால் முடியவில்லை. கூட்டமே அறியாத உயிரும் பார்த்துக் கற்கிறது என்றால், கூட்ட வாழ்வுதான் இந்தத் திறனைப் படைத்தது என்று சொல்வது கடினம். உங்கள் தேவாங்கை முன்கூட்டியே விலக்கிவிட வேண்டாம் என்றும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஸ்டிக்கிள்பேக் மீன் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. அதே குடும்பத்தின் மற்ற இனங்களையும் பின்னர் சோதித்தபோது, அந்தத் திறன் ஒன்பது முள் மீனின் பேரினத்தில் மட்டுமே காணப்பட்டது. ஒரு கிளையில் ஒரே முறை தோன்றிய மாற்றமாக அது இருந்தால், சிறிய முள்ளே அதற்குக் காரணம் என்பது நல்ல ஊகமாகவே நிற்கும், உறுதியான நிறுவலாகாது.

எனினும் சூழலின் பங்கை நான் மறுக்கவில்லை. தனிக் கற்றலையும் பிறரிடம் கற்றலையும் பிரித்து அளந்த ஆய்வாக டெம்பிள்டன், கமில், பால்டா ஆகியோரின் 1999ஆம் ஆண்டு ஆய்வைச் சொல்வேன். வட அமெரிக்காவில் பெருங்கூட்டமாக வாழும் பின்யன் ஜே என்னும் பறவை, தானே கற்பதைவிடப் பிறரைப் பார்த்து வேகமாகக் கற்றது. அதன் உறவினமாகிய, பெரும்பாலும் தனித்துத் திரியும் கிளார்க் நட்கிராக்கர் பறவைக்கு இரண்டு வழியும் ஒன்றாகவே இருந்தன. ஒரே பறவைக்குள் இரண்டு வழியையும் ஒப்பிடுவதால் பொதுவான கெட்டிக்காரத்தனம் இங்கே குறுக்கிடுவதில்லை.

வளரும் சூழலுக்கு, கறுப்பு எலிக்கு அடுத்தபடியாக, சுமத்திராவின் ஒராங்குட்டானைக் காட்டுங்கள். சுவாக் என்னும் சதுப்புக் காட்டில் உணவு மிகுதியாகக் கிடைப்பதால், வேறிடங்களில் தனித்துத் திரியும் இந்த இனம் அங்கே அடிக்கடி அருகருகே காணப்படுகிறது. அங்குதான் நீசியா என்னும் காயின் எரிச்சலூட்டும் மயிர்களைத் தவிர்த்து, குச்சியைக் கொண்டு விதையை எடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அதே காய் இருக்கும், பேராற்றின் மறுகரைச் சதுப்பில் அந்தப் பழக்கம் இல்லை. உணவு மிகுதியால் நெருக்கம், நெருக்கத்தால் கவனிக்கும் வாய்ப்பு என்று கரேல் வான் ஷைக் விளக்குகிறார். திறன் இரு கரையிலும் ஒன்றாக இருக்கலாம். கற்க ஆள் அருகில் இருப்பதைத்தான் சூழல் தீர்மானிக்கிறது.

இனி அழகர்மலைக் குரங்குகள். நாட்டுக் குரங்குகள் பிற இனங்களின் எச்சரிக்கைக் குரலையும் அறிந்துகொள்ளும். கடமானும் கருமந்தியும் எழுப்பும் குரலைக் கேட்டு அவை ஓடுவதை ராமகிருஷ்ணன், காஸ் ஆகியோர் 2000இல் எழுதியிருக்கிறார்கள். பந்திப்பூரில் மனிதரிடம் கையை நீட்டிக் குரல் கொடுத்து உணவு கேட்கும் பழக்கத்தை அனிந்தியா சின்ஹாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2018இல் விவரித்தார்கள். பாலித் தீவின் உலுவத்து கோயிலில் மற்றொரு குரங்கினம் கண்ணாடியையும் செருப்பையும் பறித்து, உணவு கொடுத்தால் மட்டும் திருப்பித் தருகிறது. எந்தப் பொருளுக்கு மனிதர் அதிகம் கொடுப்பார் என்பதைக் குட்டிகள் அறிவதில்லை, வளர்ந்த குரங்குகளே அறிகின்றன. ஆக, பறிப்பதைப் பார்த்துத் தொடங்கினாலும், விலை அறிவது நீண்ட சொந்த முயற்சியால் வருகிறது. கோயிலுக்கு வரும் மனிதரும் இந்தக் குரங்குகளின் சூழலில் ஒரு பகுதியே.

மாணவர்கள் செய்யத்தக்கது இதுதான். ஒரு குரங்கு பையைத் திறக்கும்போது ஒரு கை தொலைவுக்குள் யார் இருக்கிறார்கள், குட்டியா வளர்ந்ததா, பார்க்கிறதா, வாயை மோந்து பார்க்கிறதா, பிறகு அதே பொருளை அது தொடுகிறதா என்பதை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். அருகில் இருந்து பார்க்காத குட்டிகளும் அதே வேகத்தில் தொட்டால், அது பையின் கவர்ச்சியால் நடப்பது, பார்த்ததால் நடப்பதல்ல. மனிதர் நடமாட்டம் மிகுந்த அடிவாரத்துக் கூட்டத்தையும் மேலே காட்டுப் பழங்களையே பெரிதும் நம்பி வாழும் கூட்டத்தையும் தனித்தனியாகக் குறித்தால் சூழலின் பங்கை ஒப்பிட வழி கிடைக்கும். உணவு கொடுத்துச் சோதிக்க வேண்டாம். அது கடிபடவும் வழி செய்யும், நீங்கள் அளக்க நினைக்கும் சூழலையே மாற்றியும் விடும். பாதையை விட்டு உள்ளே போவதானால் வனத்துறையின் அனுமதியை முதலில் பெற்றுக்கொள்ளுங்கள்.